சேவ் செய்த கூலிக் கணக்கு எங்கே போனது? சேலம் வீட்டுக் கணினி ஒன்றில் மறைந்த கோப்பைத் தேடி எடுத்த நிகழ்வு ஆய்வு

சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு வீடு. அந்தக் குடும்பத்துக்கு ஏற்காட்டில் காப்பித் தோட்டம். மார்கழிக் கடைசி, பழப் பறிப்பு மும்முரமாக நடக்கும் நேரம். தோட்டத்தில் எடை போட்டு எழுதும் செக்ரோல் என்னும் கூலிப் பதிவேட்டை ஆபீஸ் எழுத்தர் எக்ஸெலில் ஏற்றி மெயிலில் கீழே அனுப்புவார். வீட்டு மருமகள் அதில் ஆள்வாரியாகக் கிலோவைச் சரிபார்த்து, முன்பணம் கழித்து, கையில் கொடுக்க வேண்டிய தொகையைப் போட்டு மேலே திருப்பி அனுப்புவார். பொங்கலுக்கு முன் பட்டுவாடா ஆக வேண்டும் என்பதால் இந்த முறை நான்கு வாரக் கணக்கு ஒரே கோப்பில் வந்தது.

மாலையில் அவர் மெயிலைத் திறந்து, அதிலிருந்த அட்டாச்மெண்டை அப்படியே இரட்டைச் சொடுக்கில் திறந்தார். மேலே வந்த மஞ்சள் பட்டையில் 'எனேபிள் எடிட்டிங்' பொத்தானை அழுத்தினார். மூன்று வாரக் கணக்கை முடித்து, நான்காவதைத் தொடங்கியதும் சேவ் கொடுத்தார். நான்காம் வாரம் பாதி தாண்டியபோது மின்சாரம் போனது. இன்வெர்ட்டர் பிடிப்பதற்குள் கணினி அணைந்துவிட்டது. மறுநாள் காலை அதே மெயிலைத் திறந்து அதே அட்டாச்மெண்டைச் சொடுக்கினால், ஒரு எண்கூட மாறாத பழைய கோப்பு. டாக்குமெண்ட்ஸிலும் டெஸ்க்டாப்பிலும் இல்லை. ஸ்டார்ட் மெனுவில் பெயரைத் தட்டித் தேடினாலும் இல்லை.

கணினி விண்டோஸ் 10, ஆஃபீஸ் 2010, 500 ஜிபி ஹார்டு டிஸ்க், எஸ்எஸ்டி (சிப்பில் சேமிக்கும் புதுவகை டிஸ்க்) கிடையாது. ஒரே ஒரு பயனர் கணக்கு. இந்த நான்கு தகவலும் பின்னால் ஒவ்வொரு இடத்தில் உதவின. தேடத் தொடங்கும் முன் இவற்றைத் தாளில் எழுதிக்கொள்வது நல்லது.

இதில் வரும் ஃபோல்டர், மெனு பெயர்கள் எல்லாம் திரையில் ஆங்கிலத்தில் இருப்பவை. இங்கே உச்சரிப்பில் தரப்பட்டுள்ளன. தட்டச்சு செய்யும்போது ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்.

முதலில் செய்யக் கூடாதவை

கணினி பார்க்கும் ஆள் வருவதற்குள் வீட்டில் இரண்டு காரியம் நடந்திருந்தது. பக்கத்து வீட்டுப் பையன் 'கணினி மெதுவாக இருக்கிறது' என்று ஒரு துப்புரவு மென்பொருளை ஓட்டியிருந்தான். அது தற்காலிகக் கோப்புகள் கிடக்கும் டெம்ப் ஃபோல்டரைத் துடைத்துவிட்டது. அடுத்து, அழிந்த கோப்பை மீட்கும் மென்பொருள் ஒன்றை இணையத்திலிருந்து இறக்கி சி டிரைவில் நிறுவப் போகும் கட்டத்தில், மாமனார் தோட்டத்திலிருந்து போனில் தடுத்தார்: "எதையும் போடாதே கண்ணு, ஆள் வரட்டும்." கோப்பு அழிந்திருந்தால் அந்தச் சொல்தான் கணக்கைக் காப்பாற்றியிருக்கும்.

சி டிரைவில் புதிதாக எதை நிறுவினாலும், அது டிஸ்க்கில் 'காலி' என்று குறிக்கப்பட்ட இடத்தில்தான் போய் உட்காரும். அழிந்த கோப்பு இருந்த இடமும் அந்தக் 'காலி'யில் சேர்ந்ததே. தேடும் மென்பொருளே தேடப்படும் கோப்பின் மேல் எழுதிவிடுவது ஹார்டு டிஸ்க் மீட்பில் அடிக்கடி நடக்கிற அழிவு. இதைவிட முக்கியமான இன்னொன்று உண்டு. இந்த நிகழ்வில் கோப்பு அழியவே இல்லை. சேவ் கொடுத்தது நினைவிருந்தால், கோப்பு முழு உயிரோடு எங்கோ இருக்கிறது என்ற அனுமானத்தில்தான் தொடங்க வேண்டும். மீட்பு மென்பொருள் கடைசிப் படி.

உடனே செய்ய வேண்டியது: செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் போய் 'ஸ்டோரேஜ் சென்ஸ்' இயங்கினால் அணைக்கவும். விண்டோஸ் தானாகவே தற்காலிகக் கோப்புகளை அழிக்கும் ஏற்பாடு அது; அது அழிப்பது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது. 'டிஸ்க் கிளீனப்' பக்கமும் போக வேண்டாம். அது டெம்ப் ஃபோல்டரில் ஒரு வாரம் தொடப்படாத கோப்புகளை எடுத்துவிடும். எக்ஸெல் இன்னும் திறந்திருந்தால் மூடக் கூடாது. அதே அட்டாச்மெண்டைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பதும் வேண்டாம். அழிவு இல்லை என்றாலும், ஒவ்வொரு முறையும் புதிய நகல் ஒன்று பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறி எண்ணோடு உருவாகி, தேடும்போது குழப்பும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

மறைந்த கோப்பைத் தேடுவதில் பாதி வேலை, அது எந்த வழியாக வந்தது என்று கேட்டறிவது. வழி தெரிந்தால் இடம் தெரிந்துவிடும். வந்தவர் கணினியைத் தொடுமுன் கேட்டவை இவ்வளவே: மெயிலை அவுட்லுக்கில் திறந்தீர்களா, பிரவுசரிலா? அட்டாச்மெண்டை முதலில் எங்காவது சேவ் செய்துவிட்டுத் திறந்தீர்களா, மெயிலிலிருந்தே திறந்தீர்களா? சேவ் அழுத்தியபோது கணினி ஏதாவது கேட்டதா? எக்ஸெலை நீங்கள் மூடினீர்களா, தானாக மூடியதா?

மெயிலைத் திறந்தது அவுட்லுக் மென்பொருளில். மூன்றாவது கேள்விக்கு வந்த பதிலில் விஷயம் இருந்தது.

"ஏதோ கேட்டுச்சுங்க தம்பி. படிக்க மட்டுந்தான், வேற பேருல சேவ் பண்ணுன்னு வந்துச்சு. பேருக்குப் பின்னாடி 'நியூ'ன்னு சேர்த்து ஓகே கொடுத்துட்டனுங்க."

"எந்த ஃபோல்டர்னு பார்த்தீங்களா அக்கா?"

"இல்லீங்க, வந்த இடத்துலயே கொடுத்துட்டேன்."

வந்த இடம் எது என்பதுதான் இந்த ஆய்வின் மையம்.

அவுட்லுக் அட்டாச்மெண்டை எங்கே வைக்கிறது

மெயிலுக்குள் இருக்கும் கோப்பை எக்ஸெலால் நேராகத் திறக்க முடியாது. எனவே அவுட்லுக் அதன் நகல் ஒன்றை டிஸ்க்கில் எடுத்து வைத்து, அந்த நகலை எக்ஸெலிடம் கொடுக்கிறது. திருத்தம் எல்லாம் அந்த நகலில்தான் நடக்கிறது. மெயிலுக்குள் இருப்பது அப்படியே இருக்கும். மறுநாள் காலை பழைய கோப்பே தெரிந்ததற்கு இதுவே காரணம்.

நகல் வைக்கப்படும் ஃபோல்டர், விண்டோஸ் 8.1, 10, 11 ஆகியவற்றில் இந்த வரிசையில் இருக்கிறது: சி டிரைவ் › யூசர்ஸ் › பயனர் பெயர் › ஆப்டேட்டா › லோக்கல் › மைக்ரோசாஃப்ட் › விண்டோஸ் › ஐநெட்கேஷ் › கன்டென்ட்.அவுட்லுக். அதற்குள் எட்டு எழுத்தும் எண்ணும் கலந்த, பொருளற்ற பெயரோடு ஓர் உள் ஃபோல்டர். கோப்பு அதற்குள் கிடக்கும். விண்டோஸ் 7-இல் ஐநெட்கேஷுக்குப் பதில் 'டெம்பரரி இன்டர்நெட் ஃபைல்ஸ்' என்று இருக்கும். எட்டெழுத்துப் பெயர் கணினிக்குக் கணினி வேறு. அதனால் இன்னொருவர் வீட்டுக் கணினியில் பார்த்த பாதையை அப்படியே அடித்தால் கிடைக்காது.

சாதாரணத் தேடலில் இது ஏன் அகப்படவில்லை? மூன்று திரை போட்டு மறைத்திருக்கிறார்கள். ஆப்டேட்டா என்பதே மறைக்கப்பட்ட ஃபோல்டர். அடுத்து, ஸ்டார்ட் மெனு தேடல் பயன்படுத்தும் அட்டவணையில் ஆப்டேட்டா இயல்பாகவே சேர்க்கப்படவில்லை. பெயரை எத்தனை முறை தட்டினாலும் வராது. மூன்றாவது, ஐநெட்கேஷ் விண்டோஸின் சிறப்பு ஃபோல்டர். மறைந்தவற்றைக் காட்டு என்று டிக் போட்ட பிறகும், ஒவ்வொன்றாகச் சொடுக்கி உள்ளே போனால் கன்டென்ட்.அவுட்லுக் கண்ணில் படாது. பலர் இங்கே வந்து 'இல்லை' என்று திரும்பிவிடுகிறார்கள். 'புரொடெக்டட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' மறைப்பையும் எடுத்தால்தான் தெரியும். இல்லாவிட்டால் முழுப் பாதையையும் மேலே உள்ள முகவரிப் பட்டையில் அடித்து என்டர் தட்ட வேண்டும். இரண்டாவது வழியே மேல். கணினி அமைப்புக் கோப்புகளை வீட்டுக் கணினியில் வெளிப்படையாகக் காட்டி வைத்தால் யாராவது ஒருவர் 'வேண்டாத கோப்பு' என்று அழித்துவிடுவார்கள்.

எட்டெழுத்துப் பெயர் தெரிய, விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியைப் பார்க்க வேண்டும். விண்டோஸ் விசையும் ஆர் எழுத்தும் சேர்த்து அழுத்தி, வரும் சிறு பெட்டியில் 'ரெஜ்எடிட்' என்று அடிக்கவும். இடப்பக்க மரத்தில் எச்கீ கரண்ட் யூசர் › சாஃப்ட்வேர் › மைக்ரோசாஃப்ட் › ஆஃபீஸ் › பதிப்பு எண் › அவுட்லுக் › செக்யூரிட்டி. பதிப்பு எண் 2007-க்கு 12.0, 2010-க்கு 14.0, 2013-க்கு 15.0, 2016, 2019, 2021, 365 எல்லாவற்றுக்கும் 16.0. வலப்பக்கம் 'அவுட்லுக் செக்யூர் டெம்ப் ஃபோல்டர்' என்று இடைவெளி இல்லாமல் எழுதப்பட்ட வரியை இரட்டைச் சொடுக்கினால் முழுப் பாதையும் இருக்கும். நகலெடுத்துக்கொண்டு 'கேன்சல்' கொடுத்து வெளியே வரவும். ஓகே கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. தவறுதலாக ஓர் எழுத்து மாறினாலும் அவுட்லுக் வேறு இடம் தேடும்.

ரெஜிஸ்ட்ரி பக்கம் போகத் தயங்குவோருக்கு இதைவிட எளிய வழி இருக்கிறது. இந்த வீட்டில் முதலில் செய்ததும் அதைத்தான். அதே சிறு பெட்டியில் 'ஷெல்' என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் 'ரீசென்ட்' என்று அடித்தால் அண்மையில் திறந்த கோப்புகளின் குறுக்குவழிகள் வரிசையாக வரும். தேதிப்படி அடுக்கினால் முந்தின நாள் மாலை நேரத்தில் கூலிக் கணக்கின் பெயரில் குறுக்குவழி இருந்தது. அதன் மேல் வலச்சொடுக்கி 'பிராப்பர்ட்டீஸ்' பார்த்தால், 'டார்கெட்' என்ற இடத்தில் கோப்பு இருக்கும் பாதை முழுதாக எழுதியிருந்தது. எக்ஸெலுக்குள்ளேயே ஃபைல் மெனுவின் 'ரீசென்ட்' பட்டியலும் இதே தகவலைத் தரும். ஆனால் எக்ஸெலைத் திறக்கும்போது தானியங்கி மீட்பு வேறு வேலை பார்க்கும் என்பதால், மின்வெட்டு நடந்த நிகழ்வில் எக்ஸெலைத் தொடாமல் ரீசென்ட் ஃபோல்டரிலிருந்து தொடங்குவதே சரி.

ஃபோல்டருக்குள் இருந்தவை

உள்ளே போனதும் 'டீட்டெயில்ஸ்' காட்சிக்கு மாற்றி, 'டேட் மாடிஃபைட்' தலைப்பைச் சொடுக்கிப் புதியது மேலே வர அடுக்கப்பட்டது. கூலிக் கணக்கின் பெயரில் நான்கு கோப்புகள்.

ஒன்று, மூலப்பெயரோடு, மாலையில் அட்டாச்மெண்டைத் திறந்த நேரத்தைக் காட்டியது. அவுட்லுக் வைத்த முதல் நகல். திருத்தம் ஏதும் இல்லை. இரண்டாவது, அடைப்புக்குறிக்குள் எண் போட்டது. மறுநாள் காலை திறந்தபோது உருவானது. மூன்றாவது, பெயருக்குப் பின்னால் 'நியூ' சேர்ந்தது. மின்சாரம் போவதற்கு முக்கால் மணி நேரம் முந்தைய நேரம் காட்டியது. நான்காவது அலைக்குறியும் டாலர் குறியும் முன்னால் வைத்து, 'நியூ' பெயரையே தாங்கி, 165 பைட் மட்டுமே இருந்தது.

நான்காவதைப் பார்த்துப் பலர் ஏமாந்துபோவார்கள். திறந்தால் 'கோப்பு பழுது' என்று எக்ஸெல் சொல்லும். கணக்கே பழுதாகிவிட்டது என்று எண்ணிவிடுவார்கள். அது கணக்கு அல்ல. கோப்பு ஒருவரிடம் திறந்திருக்கிறது என்று மற்றவருக்குச் சொல்ல எக்ஸெல் வைக்கும் பூட்டுக் கோப்பு. எக்ஸெலை முறையாக மூடினால் அது தானாக நீங்கும். இங்கே மிஞ்சிக் கிடந்ததால் இரண்டு செய்தி கிடைத்தன: 'நியூ' கோப்பு இதே ஃபோல்டரில் திறந்திருந்தது, முறையாக மூடப்படாமல் நின்றது. தேடுகிற கோப்பே கண்ணில் படாத நிகழ்வுகளில், இந்த 165 பைட் மிச்சம் எந்த ஃபோல்டரில் கிடக்கிறது என்பதை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்கலாம். வேர்டில் இதே வகைக் கோப்பு 162 பைட் இருக்கும்.

மூன்றாவது கோப்பு ஏன் அழியாமல் இருந்தது என்பது விளக்கத் தகுந்தது. அவுட்லுக் தான் வைத்த நகலை மட்டுமே அறியும். மெயிலையோ அவுட்லுக்கையோ மூடும்போது அதை அழிக்கப் பார்க்கும். அந்த நேரத்தில் எக்ஸெல் அதைத் திறந்து வைத்திருந்தால் அழிக்க முடியாமல் விட்டுவிடும். மின்வெட்டில் அவுட்லுக்கே திடீரென்று நின்றால் அழிக்க யாரும் இல்லை. பயனர் வேறு பெயரில் சேவ் செய்த கோப்போ அவுட்லுக்கின் கணக்கிலேயே வராது. அந்த மருமகள் பெயரில் சேர்த்த 'நியூ' என்ற மூன்று எழுத்துதான் மூன்று வார வேலையைப் பாதுகாத்தது. இதற்கு மாறாக, அதே பெயரில் சேவ் ஆகி, எக்ஸெலை முதலில் மூடி, பிறகு மெயிலை மூடியிருந்தால், அவுட்லுக் அந்த நகலைத் திருத்தத்தோடு சேர்த்து அழித்துவிடக்கூடும். அந்த நிலையில் கதை வேறு.

கோப்பை அங்கேயே திறக்கவில்லை. இது கறாராகக் கடைப்பிடிக்க வேண்டிய விதி. எட்டெழுத்து ஃபோல்டர் முழுவதையும் அப்படியே ஒரு பென்டிரைவுக்கு நகலெடுத்து, டாக்குமெண்ட்ஸில் இன்னொரு நகல் வைத்து, டாக்குமெண்ட்ஸ் நகலைத்தான் திறந்தார்கள். 'கட்' செய்து ஒட்டுவதும் கூடாது, நகலெடுப்பு மட்டுமே. திறந்ததும் மூன்று வாரக் கணக்கும் வரிசையாக இருந்தது. நான்காம் வாரத்தில் ஆறு பேர் கணக்கு மட்டும் ஏறியிருந்தது.

நான்காம் வாரம்: தானியங்கி மீட்பு

சேவ் செய்த பிறகு மின்வெட்டு வரை உள்ள முக்கால் மணி நேர வேலை வேறு இடத்தில் இருக்கும். எக்ஸெல் இயல்பாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மீட்பு நகல் எடுக்கிறது. அது ஆப்டேட்டா › ரோமிங் › மைக்ரோசாஃப்ட் › எக்ஸெல் ஃபோல்டரில், கோப்பின் பெயரிலேயே ஓர் உள் ஃபோல்டர் போட்டு, 'ஆட்டோசேவ்டு' என்ற சொல்லும் நீண்ட எண்ணும் ஒட்டிய பெயரில், எக்ஸ்எல்எஸ்பி வகையாக இருக்கும். வேர்டாக இருந்தால் ரோமிங் › மைக்ரோசாஃப்ட் › வேர்டு, ஏஎஸ்டி வகை.

இங்கேயும் முதலில் செய்தது அந்த ஃபோல்டரைப் பென்டிரைவுக்கு நகலெடுப்பதுதான். அதற்குப் பிறகே எக்ஸெல் திறக்கப்பட்டது. மின்வெட்டுக்குப் பின் எக்ஸெல் திறந்தால் இடப்பக்கம் 'டாக்குமெண்ட் ரெகவரி' பலகை வரும். காலையில் அந்தப் பலகை வந்ததை வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. எக்ஸெலை மூடும்போது 'பிறகு பார்க்க வைத்திருக்கவா, நீக்கிவிடவா' என்று அது கேட்கும். முன்கூட்டித் தேர்வாகி இருப்பது 'வைத்திரு' என்பதே. படிக்காமல் ஓகே கொடுத்தும் நகல் தப்பியது அதனால்தான். 'நீக்கு' என்ற இரண்டாவது வரியைத் தேர்ந்திருந்தால் போயிருக்கும். பலகையை மூடுவதற்கு முன் அந்த இரண்டு வரியையும் நிறுத்திப் படிக்குமாறு கணக்கு எழுதும் எல்லோரையும் கேட்டுக்கொள்கிறோம்.

மீட்பு நகலில், நான்காம் வாரத்தில் மின்வெட்டு வரை ஏற்றியது கடைசிச் சில பெயர்கள் தவிர முழுதும் இருந்தது. விட்டுப்போன வரிகளைத் தாளில் இருந்த செக்ரோலைப் பார்த்து ஏற்றினார்கள். மீட்பு நகலைப் புதிய பெயரில், எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வகையில் சேவ் செய்து, 'நியூ' கோப்போடு அருகருகே வைத்து, முதல் மூன்று வாரக் கூட்டுத்தொகை ஒன்றுதானா என்று பார்த்த பிறகே மேலே அனுப்பப்பட்டது. கூலிக் கணக்கில் இந்தச் சரிபார்ப்பை விடக் கூடாது. பழைய நகலும் புதிய நகலும் கலந்தால் நாள் முழுக்கப் பழம் பறித்தவர் கைக்குப் போகும் பணம் குறையும்.

முற்றிலும் சேவ் செய்யாமல் 'டோன்ட் சேவ்' கொடுத்து மூடிய புதுக் கோப்புகளுக்கு இன்னொரு இடம் உண்டு: ஆப்டேட்டா › லோக்கல் › மைக்ரோசாஃப்ட் › ஆஃபீஸ் › அன்சேவ்டுஃபைல்ஸ். ஆஃபீஸ் 2010 முதல் இந்த வசதி இருக்கிறது. அங்கே நான்கு நாள்தான் தங்கும். 'ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போட முடியாத இடம் இது.

வேறு வழியில் வந்த கோப்பாக இருந்தால்

பிரவுசரில் ஜிமெயில் திறந்து இறக்கியது பெரும்பாலும் டவுன்லோட்ஸில்தான் இருக்கும். ஃபயர்ஃபாக்ஸ் மட்டும் முன்பு 'திற' கொடுத்தால் கோப்பை டெம்பில் வைத்தது. 2022-இல் வந்த 98-ஆம் பதிப்பு முதல் அதுவும் டவுன்லோட்ஸுக்கு மாறிவிட்டது. தண்டர்பேர்டு என்ற மெயில் மென்பொருள் அட்டாச்மெண்டை டெம்பில் வைத்துத் திறக்கும். தண்டர்பேர்டை மூடியதும் அழிக்கும். எனவே தண்டர்பேர்டு ஓடிக்கொண்டிருந்தால் மூடாமல் தேட வேண்டும். டெம்ப் ஃபோல்டருக்குப் போக, சிறு பெட்டியில் சதவீதக் குறி, டெம்ப், மறுபடி சதவீதக் குறி என்று ஒட்டி அடித்தால் போதும்.

ஜிப் கோப்பு தனிப் பிரச்சினை. ஜிப்பைப் பிரிக்காமல் உள்ளே இருப்பதைச் சொடுக்கினால், விண்டோஸ் அதை டெம்புக்குள் 'டெம்ப்1' என்று தொடங்கி ஜிப்பின் பெயரோடு முடியும் ஃபோல்டரில் எடுத்து வைக்கும். வின்ரார் மென்பொருளில் ஜிப்பைத் திறந்தால் 'ரார்' என்று தொடங்கி டாலர் குறி வரும் ஃபோல்டர். வின்ராரை மூடினால் அதுவும் போய்விடும். பக்கத்து வீட்டுப் பையன் ஓட்டிய துப்புரவு மென்பொருள் துடைத்தது இந்த டெம்ப் ஃபோல்டரைத்தான். கூலிக் கணக்கு ஜிப்பாக வந்திருந்தால் அன்றே போயிருக்கும். அவுட்லுக் ஃபோல்டரும் எக்ஸெல் மீட்பு ஃபோல்டரும் டெம்புக்கு வெளியே இருந்ததால் பிழைத்தன.

வழியே நினைவில்லை என்றால், கட்டளையைத் தட்டி ஓட்டும் கமாண்ட் பிராம்ப்ட் திரையில் டி-ஐ-ஆர் கட்டளை கைகொடுக்கும். ஆப்டேட்டாவுக்குள் நின்று, டி-ஐ-ஆர் எழுதி, நட்சத்திரக்குறி புள்ளி எக்ஸ்எல்எஸ் நட்சத்திரக்குறி போட்டு, பின்னால் சாய்கோடு ஏ, சாய்கோடு எஸ் சேர்க்கவும். முதல் சாய்கோடு மறைந்தவற்றையும் காட்டச் சொல்கிறது. அடுத்தது உள் ஃபோல்டர்கள் அனைத்திலும் புகச் சொல்கிறது. எக்ஸ்ப்ளோரர் மறைக்கும் சிறப்பு ஃபோல்டர்களும் இதற்குத் தப்பாது.

ஜெராக்ஸ் கடையில் செருகி வந்த பென்டிரைவில் கோப்புகள் காணாமல் போய் குறுக்குவழிகள் மட்டும் நிற்பது வேறு வகை. வைரஸ் கோப்புகளுக்கு 'மறை', 'சிஸ்டம்' என்ற இரண்டு அடையாளமும் போட்டிருக்கும். அந்தக் குறுக்குவழிகளைச் சொடுக்கினால் வைரஸ் கணினிக்குள் வந்துவிடும். முதலில் வைரஸ் தடுப்பால் பென்டிரைவைச் சோதித்து, பிறகு கமாண்ட் பிராம்ப்ட்டில் பென்டிரைவின் எழுத்துக்குப் போய், 'அட்ரிப்' கட்டளையோடு கழித்தல் எச், கழித்தல் ஆர், கழித்தல் எஸ், சாய்கோடு எஸ், சாய்கோடு டி கொடுத்தால் கோப்புகள் வெளியே வரும்.

உண்மையிலேயே அழிந்திருந்தால் டிஸ்க்கின் வகை எல்லாவற்றையும் தீர்மானிக்கும். ஹார்டு டிஸ்க்கில் அழித்த கோப்பின் உள்ளடக்கம், வேறு ஏதாவது மேலே எழுதப்படும் வரை கிடக்கும். எஸ்எஸ்டியில் 'டிரிம்' என்ற ஏற்பாடு அந்த இடம் இனித் தேவையில்லை என்று உடனே டிஸ்க்குக்குச் சொல்லிவிடும்; டிஸ்க்கே துடைத்துவிடும். வீட்டளவில் மீட்கும் வாய்ப்பு மிகக் குறைவு. ஹார்டு டிஸ்க் என்றால் கணினியை அணைத்து, டிஸ்க்கைக் கழற்றி, வேறு கணினியில் இணைத்து மீட்பதே முறை. மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் 'விண்டோஸ் ஃபைல் ரெகவரி' விண்டோஸ் 10-இன் 2004 பதிப்பு முதல் இயங்கும். மீட்டதை வைக்க வேறு டிரைவ் கேட்கும், அதே டிரைவை ஏற்காது.

அதே ஃபோல்டரில் கிடந்த மற்றவை

கூலிக் கணக்கைத் தேடிய இடத்தில் குடும்பத்தார் ஆதார் நகல்கள், வங்கி ஸ்டேட்மெண்ட், பான் கார்டு படம், தோட்டப் பத்திரத்தின் ஸ்கேன் எல்லாம் ஆண்டுக்கணக்காகச் சேர்ந்து கிடந்தன. மெயிலில் அழித்துவிட்டதாக அவர்கள் நினைத்திருந்தவை. மெயிலை அழித்தாலும், அவுட்லுக் அழிக்க முடியாமல் விட்ட நகல் டிஸ்க்கில் இருக்கும். கணினியைச் சர்வீஸுக்குக் கொடுப்பதற்கு முன், பழைய விலைக்கு விற்பதற்கு முன், இந்த ஃபோல்டரைப் பார்க்காமல் கொடுக்கவே கூடாது. இது கோப்பைத் தேடுவதைவிடவும் முக்கியம் என்பது எங்கள் கருத்து.

சுத்தம் செய்யும் முறை: அவுட்லுக், எக்ஸெல், வேர்டு, பிடிஎஃப் எல்லாவற்றையும் மூடவும். வேண்டியதை டாக்குமெண்ட்ஸுக்கு நகலெடுக்கவும். எட்டெழுத்து ஃபோல்டருக்குள் இருப்பதை மட்டும் அழிக்கவும். ஃபோல்டரை அழிக்க வேண்டாம். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யவும். விற்பதாக இருந்தால் இது போதாது. 'ரீசெட் திஸ் பிசி'யில் 'ரிமூவ் எவ்ரிதிங்', அதற்குள் 'கிளீன் டிரைவ்' தேர்வு வேண்டும். பழைய அவுட்லுக் பதிப்புகளில் ஒரே பெயருள்ள அட்டாச்மெண்ட் நகல்கள் 99 சேர்ந்துவிட்டால் 'கோப்பை உருவாக்க முடியவில்லை' என்று அட்டாச்மெண்ட் திறக்காமலே போகும். அதற்கும் இதே துப்புரவுதான் தீர்வு.

வீட்டில் செய்த மாற்றங்கள்

டாக்குமெண்ட்ஸில் 'கூலி' என்று ஒரு ஃபோல்டர். அட்டாச்மெண்டின் மேல் வலச்சொடுக்கி 'சேவ் ஆஸ்' கொடுத்து அதில் வைத்த பிறகே திறப்பது. கோப்புப் பெயரின் முன்னால் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதி. அப்படிப் போட்டால் பெயர்வரிசையே காலவரிசையாக நிற்கும். எக்ஸெலின் ஆப்ஷன்ஸ், சேவ் பகுதியில் மீட்பு இடைவெளி பத்திலிருந்து மூன்று நிமிடமாக்கப்பட்டது. 'சேவ் செய்யாமல் மூடினால் கடைசி நகலை வைத்திரு' என்ற டிக் இருக்கிறதா என்று பார்க்கப்பட்டது.

இன்வெர்ட்டரின் பின்பக்கம் ஒரு சிறு சுவிட்ச் இருந்தது. 'நார்மல்', 'யூபிஎஸ்' என இரண்டு நிலை. விசிறிக்கும் விளக்குக்கும் நார்மல் போதும். மின்சாரம் போனதும் பேட்டரிக்கு மாற அது எடுக்கும் நேரத்தைக் கணினியின் பவர் சப்ளை தாங்காது. சுவிட்ச் யூபிஎஸ் பக்கம் தள்ளப்பட்டது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. ஆஃபீஸ் 2010-க்கு 2020 அக்டோபர் 13-இலேயே முடிந்துவிட்டது. வங்கி விவரம் இருக்கும் கணினி என்பதால் அடுத்த பறிப்புக்கு முன் இரண்டையும் மாற்றுமாறு எழுதிக் கொடுக்கப்பட்டது. அதுவரை பென்டிரைவில் எடுத்த முழு நகல் மாமனாரின் அலமாரியில் இருக்கும்.